ஒரே அட்ரஸை ஊருக்கெல்லாம் கொடுக்காதீங்க: கிரிப்டோ கேள்வி பதில்

காசிமேடு தம்பி: அக்கா, வெளிநாட்டு ஆளுங்களுக்கு லோகோ போட்டுத் தர்றேன், பிட்காயின்ல காசு வருது. காசு வாங்க நான் கொடுக்கிற அட்ரஸ், அக்கவுண்ட் நம்பர் மாதிரி வெறும் எழுத்தும் எண்ணும்தான், அதுல என் பேரே இல்ல. யாருக்குத் தெரியப்போவுது?

பதில்: பேர் இல்லதான் தம்பி. ஆனா ஒவ்வொரு வரவு செலவும் யார் வேணா பார்க்கிற பொதுக் கணக்குல அழியாம நிக்குது. ஒருத்தருக்கு அட்ரஸ் அனுப்பிட்டாலே, அது உன்னோடதுன்னு அவருக்குத் தெரிஞ்சுபோச்சு. அதையே எல்லாருக்கும் கொடுத்தா, அடுத்தவன் எவ்வளவு கொடுத்தான்னு பார்த்துட்டு உன்கிட்ட பேரம் பேசுவாங்க. ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் புது சாவி (அதுலேருந்துதான் அட்ரஸ் வருது) வைக்கச் சொல்லி, பிட்காயினை உருவாக்கின சடோஷி 2008-ல எழுதின கட்டுரையிலயே இருக்கு. வாலட்ல, அதாவது காசை வாங்க, அனுப்ப வச்சிருக்கிற ஆப்ல, 'ரிசீவ்' அழுத்தி ஒவ்வொரு தடவையும் புது அட்ரஸ் எடு. எல்லாம் வாலட் தொடங்கும்போது எழுதி வச்ச அதே மீட்பு வார்த்தைகளுக்குள்ளதான் அடங்கும், பயப்படாதே.

இதுலயும் ஒரு ஓட்டை இருக்கு. ஒரு அட்ரஸ்ல 2,000 ரூபாய்க்கும் இன்னொண்ணுல 3,000 ரூபாய்க்கும் காசு கிடக்குதுன்னு வை. நீ 4,500 கட்டணும்னா வாலட் ரெண்டையும் சேர்த்துத்தான் அனுப்பும். ரெண்டும் ஒரே ஆளோடதுன்னு பார்க்கிறவங்க அங்கேயே கணிச்சிடுவாங்க. ஸ்பாரோ மாதிரி வாலட்ல எந்தக் காசை எடுக்கணும்னு நாமளே தேர்ந்தெடுக்கலாம். எது யார் கொடுத்ததுன்னு லேபிள் போட்டு வை.

எம்.சி. ரோடு துணிக்கடைக்காரர்: ஏம்மா, எனக்கு டாலர் மதிப்பை ஒட்டி ஓடுற யுஎஸ்டிடி கிரிப்டோதான் வருது. இதுலயும் புது அட்ரஸ் வருமா?

பதில்: தானா வராது அண்ணே. யுஎஸ்டிடி ஓடுற ட்ரான், எத்தீரியம் நெட்வொர்க்ல எதுல வாங்கினாலும், அதுல உங்க அட்ரஸ் மாறாம நிலையா இருக்கும். அது தெரிஞ்சவங்களுக்கு உங்க மொத்த இருப்பும் தெரியும். அதனால வியாபாரத்துக்கு ஒண்ணு, சேமிப்புக்கு ஒண்ணுன்னு தனித்தனியா வைங்க. ஒண்ணுலேருந்து இன்னொண்ணுக்கு நேரா காசை மாத்தினீங்கன்னா, ரெண்டும் ஒரே ஆளோடதுன்னு கணிச்சிடுவாங்க.

பெரம்பூர் வாசகர்: மேடம், இப்படிப் பண்ணா இன்கம் டாக்ஸுக்குத் தெரியாம போயிடுமா?

பதில்: போகாது, போகவும் கூடாது. லாபத்துக்கு 30 சதவீத வரி 2022 ஏப்ரல்லேருந்து இருக்கு. விற்கும்போது 1 சதவீத டிடிஎஸ் அதே வருஷம் ஜூலையில வந்துச்சு. கிரிப்டோவை வாங்கி விற்கிற எக்ஸ்சேஞ்ச்காரங்க உங்க பான், ஆதாரை வாங்கித்தான் கணக்கே திறக்கிறாங்க. நான் சொல்றது வாடிக்கையாளர், போட்டிக் கடைக்காரர், திருடன் கண்ணுல படாம இருக்கத்தான். கணக்கை ஒழுங்கா எழுதி வரியைக் கட்டிடுங்க.

ராயபுரம் தங்கச்சி: முதல் பேமென்ட் வந்த ஸ்கிரீன்ஷாட்டை ஸ்டேட்டஸ்ல போட்டேன்க்கா. அட்ரஸை மறைச்சிட்டேன், போதும்ல?

பதில்: போதாதும்மா. தொகையும் நேரமும் தெரிஞ்சாலே பொதுக் கணக்குல தேடிக் கண்டுபிடிச்சிடலாம். இப்பவே எடுத்துடு. அடுத்த காசுக்குப் புது அட்ரஸ் கொடு.