காகிதம் சுற்றிய குண்டு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கறுப்பு வெடிமருந்து ரைஃபிள் போட்டிக்காக .45 (உள்விட்டம் சுமார் 0.45 அங்குலம்) குழலில் பயிற்சி எடுக்கிறேன். காகிதம் சுற்றிய குண்டுகள் 200 கெஜத்திலேயே கன்னாபின்னாவென்று சிதறுகின்றன. கோளாறு காகிதத்திலா, என் கையிலா?

பதில்: கையைக் குறை சொல்லும் முன் தரையைப் பாருங்கள். எல்லாரும் சுடுவதை நிறுத்தி, முன்னே போக அனுமதி கிடைத்ததும், குழல்வாய்க்கு முன்னால் கிடக்கும் காகிதத் துணுக்குகளைப் பொறுக்கி வாருங்கள். குழலின் வரிகள் (குண்டைச் சுழல வைக்க உட்சுவரில் வெட்டிய சுருள் பள்ளங்களும் இடையிலுள்ள மேடுகளும்) நீளவாட்டில் கீறிய சுத்தமான துண்டுகளாக இருந்தால் காகிதம் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. குண்டோடு குழல் முழுக்கப் போய், வாயைத் தாண்டியதும் பிரிந்துவிடுவதுதான் அதன் வேலை. துணுக்குகள் கருகி, ஓட்டை விழுந்து கிடந்தால், குண்டின் பக்கவாட்டில் சூடான வாயு புகுந்திருக்கிறது என்று அர்த்தம்.

அதற்குப் பெரும்பாலும் கெட்டியான ஈயம்தான் காரணம். .45 ரைஃபிளில் வரிமேட்டுக்கு மேடு அளந்தால் விட்டம் 0.450 அங்குலம், பள்ளத்துக்குப் பள்ளம் அளந்தால் 0.458. மருந்து வெடிக்கும் அடியில் குண்டு சற்றே பருத்து அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டும். 16 அல்லது 20 பங்கு ஈயத்துக்கு ஒரு பங்கு வெள்ளீயம் கலந்தால் அந்த மென்மை கிடைக்கும். ஈயத்தைக் கெட்டியாக்கும் ஆன்டிமனி என்ற உலோகம் கலந்த பழைய ஈயம் மலிவாகக் கிடைத்தாலும் இதற்கு ஆகாது.

அடுத்து காகிதம். முழுப் பருத்தி நாரில் செய்த, 0.002 அங்குலத் தடிமனுள்ள தாள் வேண்டும். இரண்டு சுற்று என்றால் இரு பக்கமும் சேர்த்து நான்கு தடிமன், அதாவது 0.008. வெறும் குண்டு 0.442 இருந்தால் சுற்றிய பின் 0.450, அதாவது வரிமேட்டின் அளவே வரும். தாளை மைக்ரோமீட்டரில் அளந்துதான் வாங்குங்கள். உறையில் அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

தாளை இணைகரமாக, சாய்ந்த முனைகளோடு வெட்ட வேண்டும். சுற்றி முடிக்கும்போது ஒரு முனை இன்னொன்றின் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும், மேலே ஏறக் கூடாது. மயிரிழை இடைவெளி விழுந்தால் பாதகமில்லை. ஏறிவிட்டால் குண்டின் ஒரு பக்கம் தடித்து, குழலுக்குள் நேராக உட்காராது. உலர்தாளில் சுற்றி நன்றாகச் சுடுபவர்களும் உண்டு. ஆனால் நான் ஈரத்தாள் கட்சி. நனைந்த பருத்தித்தாள் கொஞ்சம் நீளும். காயும்போது சுருங்கிக் குண்டை இறுகப் பிடிக்கும். விரலால் உருட்டி, அடியில் மிஞ்சும் ஓரத்தை மடித்து, ஒரு நாள் அப்படியே காயவிடுங்கள். அவசரப்பட்டு அடுப்பருகே வைக்க வேண்டாம்.

அப்புறம், ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். கறுப்பு மருந்துக்காகச் செய்த பழைய ரைஃபிளில் புகையில்லா மருந்தை ஒருபோதும் நிரப்பாதீர்கள்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் குழலைத் துடைக்க வேண்டுமா? குழலுக்குள் மூச்சை ஊதும் ஊதுகுழாய் போதாதா?

பதில்: காகிதத்துக்குப் பதில் கொழுப்பு பூச வரிப்பள்ளம் வைத்த குண்டுக்கு, மூச்சின் ஈரத்தால் கசடை (மருந்து எரிந்து படிந்த கரியை) இளக்கினால் போதும். காகிதத்துக்குப் போதாது. காய்ந்த கசடு தாளை உரசிக் கிழித்துவிடும். ஈரத்துணி ஒன்று, உலர்துணி ஒன்று. முதல் சூடு முதல் கடைசி வரை ஒரே மாதிரி துடைக்க வேண்டும். தோட்டா உட்காரும் மருந்தறையில் ஈரம் தங்கவே கூடாது.

கேள்வி: முன்காட்சியில் (குழல்வாய்ப் பக்கக் குறிபார்ப்பானில்) ஸ்பிரிட் லெவல், அதாவது சாய்வைக் காட்டும் குமிழிக் குழாய், அவசியமா? வெறும் அலங்காரம் என்கிறார் என் நண்பர்.

பதில்: 1000 கெஜத்தில் இந்தக் குண்டு பெரிய வளைவாகப் போகும். ரைஃபிள் ஒரு பாகை சாய்ந்தாலே சுமார் இரண்டடி பக்கவாட்டில் விலகிவிடும். லெவலுக்குத்தான் முதலில் பணம் செலவழியுங்கள்.

கேள்வி: இவ்வளவு பாடுபட்டால் அந்தத் தூரத்தில் உண்மையிலேயே பலன் உண்டா?

பதில்: உண்டு. 1874 செப்டம்பரில் நியூயார்க் அருகே கிரீட்மூரில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1000 கெஜத்தில் மோதின. ஐரிஷ்காரர்கள் வாய்வழி நிரப்பும் ரிக்பி ரைஃபிள்களோடும், அமெரிக்கர்கள் பின்வழி நிரப்பும் ரெமிங்டன், ஷார்ப்ஸ் ரைஃபிள்களோடும் வந்தார்கள். முடிவு: அமெரிக்கா 934, அயர்லாந்து 931. ஐரிஷ் வீரர் ஒருவர் தவறுதலாக வேறு இலக்கில் சுட்டதால் அவர்களுக்கு ஒரு சூட்டின் புள்ளிகள் போயின. காகிதம் சுற்றிய குண்டின் காலம் அது. எல்லா சூடும் கறுப்பு மருந்தில்தான்.