சர்வர் தந்த விலையும் வாடிக்கையாளர் தட்டிய சதுர அடியும்: கேள்வி பதில்

காரைக்குடியில் இருந்துகொண்டு கடைகளுக்கு வலைச் செயலி எழுதுகிறேன். சர்வர் தரும் தரவைப் பிரவுசரில் தொடக்க ஸ்டேட்டாக (பக்கம் நினைவில் வைத்திருக்கும், மாறக்கூடிய மதிப்பாக) வைப்பது பற்றிக் கேட்டவர்களுக்கு என் பதில்கள்.

தேவகோட்டை: அண்ணே, ஆத்தங்குடிக் கல் விற்கும் கடைக்கு ரியாக்டில் (பக்கங்களைக் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) பக்கம் செய்கிறேன். சர்வர் தரும் விலையை யூஸ்ஸ்டேட்டுக்கு, அதாவது ஸ்டேட்டை உருவாக்கும் ஃபங்ஷனுக்கு, தொடக்க மதிப்பாகக் கொடுத்தேன். வேறு டிசைனைத் தொட்டாலும் பழைய விலையே நிற்கிறது.

தம்பி, ஆத்தங்குடியில் கல் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடிமேல் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றுவார்கள். அதன்மேல் சிமெண்டும் மணலும் போட்டு அழுத்திய பிறகு, கிண்ணத்தில் இருக்கும் வண்ணத்தை மாற்றினால் கல் மாறாது. யூஸ்ஸ்டேட்டும் தொடக்க மதிப்பை முதல் ரெண்டரில், அதாவது அந்தப் பகுதி முதல்முறை உருவாகும்போது மட்டுமே எடுத்துக்கொள்ளும். டிசைன் எண்ணைக் கீயாக, அதாவது அந்தப் பகுதியின் அடையாளக் குறியாகக் கொடுத்தால், எண் மாறும்போது அந்தப் பகுதி புதிதாக உருவாகும். ஆனால் விலையை ஸ்டேட்டில் வைத்ததே தவறு. அது சர்வருடையது, ப்ராப்ஸில் (வெளியிலிருந்து அந்தப் பகுதிக்கு வரும் மதிப்புகள்) வந்தபடியே காட்டுங்கள். எத்தனை சதுர அடி என்று வாடிக்கையாளர் தட்டுகிறாரே, அதுதான் ஸ்டேட்.

கானாடுகாத்தான்: தரவை ஜேசனாக்கி (எழுத்து வடிவத் தரவாக்கி) ஸ்கிரிப்ட் டேகுக்குள் எழுதலாமா?

எழுதலாம், அப்படியே எழுதக் கூடாது. யாராவது கருத்துப் பெட்டியில் ஸ்கிரிப்டை மூடும் டேகைத் தட்டியிருந்தால், பிரவுசர் உங்கள் தரவை அங்கேயே முடித்துக்கொள்ளும். அதற்குப் பின் அவர் எழுதிய நிரல் உங்கள் பக்கத்தில் ஓடும். தரவை ஜேசனாக்கும் ஜேசன் ஸ்ட்ரிங்கிஃபை இதைத் தடுக்காது. திறக்கும் கோணக் குறியை (<) யூனிகோட் எஸ்கேப்பாக (\u003c) மாற்றிய பிறகே எழுதுங்கள்.

புதுவயல்: சர்வர் யூடிசியில் (உலகப் பொது நேரம்) ஓடுகிறது. ‘இன்றைய தேதி’ காட்டும் இடத்தில் இரவில் மட்டும் ஹைட்ரேஷன் பிழை, அதாவது சர்வர் எழுதியதும் பிரவுசர் எழுதியதும் பொருந்தவில்லை.

நாம் 5:30 மணி நேரம் முன்னே இருக்கிறோம். நள்ளிரவு முதல் காலை 5:30 வரை சர்வருக்கு இன்னும் நேற்றுதான். இந்திய நேரத்தில் கணக்கிட்ட தேதியை எழுத்தாகவே சர்வரிலிருந்து அனுப்புங்கள்.

பள்ளத்தூர்: விலையை ஸ்டேட்டில் வைத்து யூஸ்எஃபெக்டால் (ரெண்டருக்குப் பின் ஓடும் நிரல்) புதுப்பிக்கலாமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கோட்டையூர்: இவ்வளவு தொல்லை எதற்கு? பக்கம் வந்தபின் பிரவுசரே ஏபிஐயிடம் (சர்வரில் தரவு தரும் வாசல்) கேட்டு வாங்கட்டுமே.

ஒப்புக்கொள்ள மாட்டேன். முதலில் பக்கம் வர வேண்டும், பிறகு ஜாவாஸ்கிரிப்ட், அது ஓடிய பிறகுதான் தரவுக்கே கோரிக்கை போகும். அலுவலக வைஃபையில் இது உறைக்காது. சிக்னல் மெலிந்த இடத்தில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் வெற்றுப் பக்கத்தைத்தான் பார்ப்பார்.

கோட்டையூர், மறுபடியும்: கேஷில் (முன்பே சேமித்து வைத்த நகல்) இருக்கும் பக்கத்தில் பழைய இருப்பு வந்தால்? இல்லாத கல்லுக்குப் பணம் கட்டிவிடுவாரே.

நியாயமான மறுப்பு. இருப்பைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வதே சரி: பெயர், படம், விலை பக்கத்தோடு வரட்டும், இருப்பைப் பிரவுசர் தனியாகக் கேட்கட்டும். பணம் கட்டும்போது சர்வர் விலை, இருப்பு இரண்டையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். ஒருவருடைய கூடையைப் பொதுக் கேஷில் போகும் பக்கத்தில் ஒருபோதும் எழுதாதீர்கள். அடுத்தவர் திரையில் அது திறக்கும்.

காரைக்குடி: சர்வரில் ஒரே ஸ்டோரை (ஸ்டேட்டை மொத்தமாக வைக்கும் இடம்) எல்லாக் கோரிக்கைக்கும் பொதுவாக வைக்கலாமா?

கூடாது. அங்கேயும் அதே கூடைதான் கைமாறும். கோரிக்கைக்கு ஒரு புதிய ஸ்டோர்.

செக்காலை: சர்வர் அனுப்பிய தேதியில் கெட்டைம் (தேதியை எண்ணாகத் தரும் ஃபங்ஷன்) வேலை செய்யவில்லை.

ஜேசனில் தேதி வெறும் எழுத்தாகத்தான் வரும், எழுத்துக்குக் கெட்டைம் கிடையாது.

தேவகோட்டை: அண்ணே, கீ வேலை செய்கிறது. ஆனால் தட்டிய சதுர அடியும் அழிந்துவிடுகிறது.

அழியத்தான் செய்யும், கீ மாறினால் உள்ளே இருக்கும் ஸ்டேட் முழுவதும் போய்விடும். சதுர அடியை மேலே இருக்கும் காம்பொனெண்டுக்கு, அதாவது இதை உள்ளடக்கிய பகுதிக்கு நகர்த்துங்கள். விலையை ஸ்டேட்டிலிருந்து எடுத்துவிட்டீர்களா? எடுத்திருந்தால் அந்தக் கீயே உங்களுக்குத் தேவையில்லை.