கல்லூரி முதல்வர் சரி என்றால் போதுமா?

வணக்கம். தன்னாட்சிக் கல்லூரியில் பி.எஸ்சி. கணிதத்துக்குப் பைத்தான் (கணினி நிரல் மொழி) தாள் சேர்க்க முதல்வர் வாய்மொழியாகச் சரி சொல்லிவிட்டார், அது போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. முதலில் துறையின் பாடத்திட்டக் குழுவான போர்டு ஆஃப் ஸ்டடீஸ் ஏற்க வேண்டும், அப்புறம் கல்லூரியின் கல்விக் குழுவான அகாடமிக் கவுன்சில். யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி போர்டில் உங்கள் துறைத்தலைவர்தான் தலைவர். வெளி வல்லுநர்கள் இருவர், துணைவேந்தர் நியமிக்கும் ஒருவர், தொழில்துறையிலிருந்து ஒருவர், முன்னாள் மாணவர் ஒருவர் என்று வெளி ஆட்களும் உண்டு. வெளியிலிருந்து வருபவர்களிடம் கூட்டத்துக்கு இப்போதே தேதி வாங்கிவிடுங்கள்.

நான் முதன்முறை போர்டுக்குக் கொண்டுபோன பாடத்திட்ட வரைவில் 4 கிரெடிட் (பாடத்தின் எடையைக் காட்டும் அலகு) என்று மட்டும் எழுதியிருந்தேன். வெளி வல்லுநராக வந்திருந்த பேராசிரியர் அதைப் பென்சிலால் வட்டமிட்டு, "வகுப்பு எத்தனை மணி, லேப் எத்தனை மணி?" என்று கேட்டுத் திருப்பித் தந்துவிட்டார். 2 மணி நேர லேப்புக்கு 1 கிரெடிட்தான். ஆகவே வாரம் 3 மணி வகுப்புக்கு 3 கிரெடிட், 2 மணி லேப்புக்கு 1 கிரெடிட் என்று பிரித்துக் காட்டுங்கள். எந்தத் தாளை எடுத்துவிட்டு இதை வைக்கிறீர்கள் என்றும் கேட்பார்கள். பதிலைக் கையில் வைத்திருங்கள்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். புதிதாகச் சேரும் பேட்ச்சுக்கு மட்டும் இதைக் கொண்டு வாருங்கள். நடுவில் மாற்றினால், அரியர் வைத்திருக்கும் பிள்ளைகள் எந்தப் பாடத்திட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் தேர்வுப் பிரிவு வாசலில் நிற்பார்கள்.