ஷேல் கேஸ் வேலை: எந்த நாட்டை நம்பிப் படிக்கலாம்?

கேள்வி: என் மகள் பெட்ரோலியம் இன்ஜினீயரிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். ஷேல் கேஸ் துறைக்குத்தான் போவேன் என்கிறாள். உலகிலேயே சீனாவில்தான் அது அதிகம், ஐரோப்பாவிலும் நிறைய இருக்கிறது என்று படித்தோம். எந்த நாட்டைக் குறிவைப்பது? இந்தியாவில் வாய்ப்பு உண்டா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் பார்த்தது அநேகமாக அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் 2013-ல் வெளியிட்ட பட்டியலாக இருக்கும். சீனா 1,115 லட்சம் கோடி கன அடி, அர்ஜென்டினா 802, அல்ஜீரியா 707 என்று அது போகும். அதை வைத்து வேலை தேடாதீர்கள். பூமிக்கடியில் எவ்வளவு இருக்கிறது என்பது வேறு, அதை எடுக்க யாராவது ஓயாமல் கிணறு தோண்டுகிறார்களா என்பது வேறு. சம்பளம் வருவது இரண்டாவதிலிருந்துதான்.

ஓயாமல் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. ஷேல் என்பது களிமண் படிந்து இறுகிய பாறை. அதில் வாயு நுண்ணிய துளைகளுக்குள் அடைபட்டுக் கிடக்கும், தானாக நகராது. அதனால் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஆழம் போய், அங்கே கிடைமட்டமாகத் திரும்பி, பாறைக்குள்ளேயே இன்னும் அவ்வளவு தூரம் துளைப்பார்கள். பிறகு கடைக்கோடியிலிருந்து பகுதி பகுதியாக, மணலும் கொஞ்சம் ரசாயனமும் கலந்த தண்ணீரைக் கடும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையைப் பிளப்பார்கள். இதுதான் ஃபிராக்கிங். தண்ணீரில் ஒரு பங்கு மேலே திரும்பிவிடும். மணல் உள்ளேயே நின்று, விரிசல் மூடிக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்கும். இவ்வளவு செய்தும் பெரும்பாலான கிணறுகளில் முதல் வருடத்திலேயே வரத்து பாதிக்கு மேல் விழுந்துவிடும். உற்பத்தி சரியாமல் இருக்க, அடுத்த கிணறு, அதற்கடுத்தது என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். ஆள் எடுப்பதும் இதனால்தான், திடீரென்று வீட்டுக்கு அனுப்புவதும் இதனால்தான். 2020 மார்ச்சில் அமெரிக்காவில் கிணறு தோண்டும் ரிக்குகள் கிட்டத்தட்ட 790 ஓடின. எண்ணெய் விலை சரிந்ததும் ஆகஸ்டில் அது 244. வீட்டில் இதையும் பேசிக்கொள்ளுங்கள்.

ஐரோப்பாவை மறந்துவிடலாம். போலந்து கதை ஒன்றே போதும். 2011-ல் அங்கே 187 லட்சம் கோடி கன அடி என்று மதிப்பிட்டதும் எக்ஸான்மொபில், செவ்ரான், கோனோகோபிலிப்ஸ் எல்லாம் ஓடிவந்தன. மறு வருடமே போலந்தின் புவியியல் நிறுவனம் அந்த எண்ணைப் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வெட்டியது. தோண்டிய கிணறுகளிலும் வணிகத்துக்குத் தேறும் அளவு வாயு வரவில்லை. களிமண் மிகுந்த பாறை பிளக்காமல் குழைந்துகொடுக்கும். அமெரிக்கப் பாறையில் எடுபட்ட முறை எல்லா ஊரிலும் எடுபடாது. 2015-க்குள் அந்தப் பெரிய பெயர்கள் எல்லாம் கிளம்பிவிட்டன. பிரான்ஸ் 2011-லேயே ஃபிராக்கிங்கைத் தடைசெய்தது. இங்கிலாந்தில் 2019 ஆகஸ்டில் ஒரு தளத்தருகே 2.9 அளவில் நிலம் அதிர, சில மாதங்களில் அரசு வேலையை நிறுத்தியது.

சீனாவில் உற்பத்தி உண்மையாகவே வளர்கிறது. சோங்சிங் அருகே ஃபூலிங் வயல் நன்றாக ஓடுகிறது. ஆனால் மலைப்பாங்கான இடம், ஆழமான பாறை; வேலையும் பெரும்பாலும் சினோபெக் மாதிரியான அரசு நிறுவனங்களின் கையில். வெளியாளுக்குக் கதவு குறுகல்.

என் கணிப்பில் உங்கள் மகள் பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று. அமெரிக்காவில் வேலை ஏராளம், விசாதான் சிக்கல். அர்ஜென்டினாவின் வாக்கா முவெர்டா என்ற ஷேல் பகுதியில் நல்ல பாறை. வாயுவை வெளியே கொண்டுபோகக் குழாய் இல்லாமல் வெகுநாள் தவித்தது, 2023-ல் பெரிய குழாய்ப்பாதை வந்தபின் மூச்சு விடுகிறது. அங்கே போக ஸ்பானிஷ் வேண்டும். இப்போதே ஆரம்பித்தால் படிப்பு முடிவதற்குள் பேச வந்துவிடும். மூன்றாவது, நம்மவர்களுக்குப் பழகிய வளைகுடா. சவூதியின் ஜாஃபூரா வயலுக்கு அந்நாட்டு அரசு எண்ணெய் நிறுவனமான அராம்கோ 2020-ல் ஒப்புதல் வாங்கியது. 2030-க்குள் நாளொன்றுக்கு 200 கோடி கன அடி என்பது இலக்கு. பணமும் இருக்கிறது, வாங்க உள்ளூரிலேயே மின் நிலையங்களும் இருக்கின்றன. எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம்.

இந்தியாவில் ஓஎன்ஜிசி 2011-லேயே துர்காபூர் அருகே ஷேல் வாயுவைக் கண்டது. 2013-ல் கொள்கையும் வந்தது. வணிக உற்பத்தி என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. காவிரி டெல்டாவில் 2020-ஆம் ஆண்டுச் சட்டம் புதிய ஷேல் கேஸ் பணிகளுக்குத் தடை போட்டிருக்கிறது. விவசாயத்துக்கும் குடிக்கவும் தண்ணீர் போதாத இடத்தில், ஒரு கிணற்றுக்கே கோடிக்கணக்கான லிட்டர் கேட்கும் தொழிலை எதிர்த்ததில் நியாயம் இருக்கிறது.

சரி, அதற்காகக் கற்றுக்கொள்ளவே இங்கே இடமில்லை என்று அர்த்தமில்லை. ராஜஸ்தானின் பார்மேர் பகுதியில் ராகேஷ்வரி வாயு வயலிலும், வங்காளத்தின் ராணிகஞ்ச் நிலக்கரிப் படுகை மீத்தேன் கிணறுகளிலும் ஃபிராக்கிங் செய்கிறார்கள். பாறை வேறு, பம்பும் மணலும் கணக்கும் ஏறத்தாழ அதேதான். பயிற்சிக்கு அங்கே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கல்லூரியில் பாறை இயக்கவியல் விருப்பப் பாடமாக இருந்தால் விட வேண்டாம். அமெரிக்காவின் யூட்டாவில் புவிவெப்ப மின்சாரத்துக்கும் இதே கிடைமட்டத் துளையும் ஃபிராக்கிங்கும் வந்துவிட்டன. வாயு விலை விழும் வருடங்களில் அந்தப் பக்கம் தாவவும் இந்தப் படிப்பு உதவும்.