அடைக்கு உட்கார்ந்த கோழி எழுந்திருக்க மாட்டேன் என்கிறதா?

கொளத்தூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். மொட்டை மாடியில் மூன்று நாட்டுக்கோழிகள் வளர்க்கிறார், சேவல் இல்லை. அதில் ஒன்று பத்து நாளாகக் கூட்டை விட்டு இறங்குவதில்லை. பாவம் பார்த்து மாமியார் கடை முட்டை நான்கை அதன் அடியில் வைத்துவிட்டார். "குஞ்சு வருமா? வராதென்றால் கோழியை எப்படிக் கிளப்புவது? மூக்கில் இறகைக் குத்து, இல்லாவிட்டால் பக்கெட் தண்ணீரில் முக்கு என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. வெயில் வேறு கொளுத்துகிறது."

குஞ்சு வராது. கடை முட்டை போடும் பண்ணைக் கோழிகள் சேவலைப் பார்த்ததே இல்லை; அந்த முட்டையில் கரு கிடையாது. அடைச் சூட்டிலும் மே மாத வெயிலிலும் இத்தனை நாள் கிடந்திருக்கிறது, இந்நேரம் கூமுட்டையாகிக் கொண்டிருக்கும். இன்றைக்கே எடுத்துவிடுங்கள், ஆனால் அலுங்காமல் எடுங்கள். உள்ளே வாயு சேர்ந்த முட்டை கையிலேயே வெடிக்கும். ஒருமுறை என் சட்டை மேல் வெடித்தது. சட்டையைத் தூக்கித்தான் போட வேண்டியிருந்தது.

அடுத்து, இது அடைதானா, நோயா என்று பாருங்கள். அடைக்கோழி கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு சீறும், கொத்தும். தூக்கி வெளியே விட்டால் கொக் கொக் என்று முனகியபடி அவசரமாக நாலு வாய் தின்று, எலுமிச்சை அளவுக்கு ஒரே எச்சமாகப் போட்டுவிட்டு (நாற்றம் தாங்காது) கூட்டுக்கு ஓடிவிடும். நெஞ்சுக்கு அடியில் கைவிட்டுப் பாருங்கள். இறகு உதிர்ந்து, தோல் வெறுமையாக, சுடச்சுட இருக்கும். முட்டைக்குச் சூடு நேராகப் போய்ச் சேர உடம்பு செய்துகொண்ட ஏற்பாடு அது. இப்படி எதுவும் இல்லாமல், கண்ணை மூடி, வாலைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தூக்கினாலும் கண்டுகொள்ளாமல் உட்கார்ந்திருந்தால் அது அடை இல்லை; கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

அடைதான் என்றால், அதைத் தெளிய வைக்கும் வழி அந்த நெஞ்சுச் சூட்டில்தான் இருக்கிறது. அடையில் இருக்கும் கோழிக்கு புரோலாக்டின் என்ற ஹார்மோன் ஏறியிருக்கும். முட்டை இடுவது நிற்பதும், உட்கார்ந்த இடத்தை விடாததும் அதனால்தான். மெத்தென்ற கூடும், இருட்டும், வயிற்றுக்கடியில் தங்கும் கதகதப்பும் அந்த ஹார்மோனை இறங்கவிடாமல் வைத்திருக்கும். முட்டைக்காகவே தேர்ந்தெடுத்துப் பெருக்கிய வெள்ளை லெகார்னுக்கு இந்தக் குணமே அநேகமாகப் போய்விட்டது. நாட்டுக்கோழி விட்டுவிடுமா என்ன?

ஆகவே அடியில் காற்றோட வேண்டும். அடிப்பாகமும் கம்பியாக உள்ள கூண்டு ஒன்று போதும். மீன்தொட்டிக்குப் பேர்போன உங்கள் ஊரில் அதே கடைகளில் கூண்டும் கேட்டுப் பாருங்கள். நான்கு மூலைக்கும் செங்கல் வைத்துக் கூண்டைத் தரையிலிருந்து அரை அடியாவது தூக்குங்கள். உள்ளே வைக்கோல், சாக்கு, அட்டை எதுவும் கூடாது. கோழிக்கு அது பிடிக்காது. பிடிக்காமல் இருப்பதுதான் வைத்தியம். வெளிச்சமான நிழலில், மற்ற கோழிகள் கண்ணில் படும்படி வையுங்கள். தீவனமும் தண்ணீரும் எப்போதும் இருக்கட்டும். பட்டினி போட்டால் தெளியும் என்பார்கள், கேட்காதீர்கள். பத்து நாளாக அரை வயிறும் கால் வயிறுமாக இருந்த கோழி அது.

மூன்று பகல், மூன்று இரவு. நான்காம் நாள் காலையில் திறந்து விடுங்கள். நேராகப் பழைய கூட்டுக்கு ஓடினால் இன்னும் இரண்டு நாள் கூண்டுதான். முதல் நாளே பிடித்துப் போட்டிருந்தால் சீக்கிரம் தெளிந்திருக்கும். பத்து நாள் ஊறிய அடை கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

பக்கத்து வீட்டு அக்காவின் யோசனைகளுக்கு வருகிறேன். மூக்கில் இறகு குத்துவது பல ஊர்களில் நடப்பதுதான். புண்ணாகிச் சீழ் பிடித்து, மூச்சு விடத் திணறும் கோழியாகத்தான் அது என்னிடம் வந்து சேரும். வேண்டவே வேண்டாம். தண்ணீரில் முக்குவது அவ்வளவு மோசமில்லை. மதிய வெயிலில் வயிறு மட்டும் நனைகிற மாதிரி சில நிமிடம் நிறுத்தி எடுக்கலாம். தலை நனையக் கூடாது, மழைக்காலத்திலும் இரவிலும் கூடாது. ஆனால் அதை மட்டும் நம்பினால், ஈரம் காய்ந்ததும் கோழி மறுபடி கூட்டில் இருக்கும்.

சேவல் உள்ள வீட்டிலிருந்து கருமுட்டை வாங்கி வைக்கலாமா என்று தோன்றும். இப்போது வேண்டாம். இன்று வைத்தாலும் இன்னும் 21 நாள். ஏற்கனவே இளைத்த கோழி, கத்திரி வெயிலில், மொட்டை மாடி ஷீட்டுக்கு அடியில் அத்தனை நாள் உட்கார்ந்தால் முட்டையும் வேகும், கோழியும் போய்விடலாம். ஆசையாக இருந்தால் தை, மாசியில் அடைக்கு வரும்போது ஒன்பது பத்து முட்டை வையுங்கள். பொரிப்பதில் ஏறக்குறைய பாதி சேவலாக இருக்கும் என்பதையும், விடியற்காலை நாலு மணிக்கு அது கூவினால் தெருவே உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் என்பதையும் மாமியாரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கூண்டில் இருக்கும்போதே இறகைப் பிரித்துப் பேன் இருக்கிறதா பாருங்கள். அடையில் இருந்த கோழி மண்குளியல் போட்டே நாளாகியிருக்கும்; வெளியே விட்டதும் ஒரு தட்டில் மணலும் சாம்பலும் கலந்து வையுங்கள். பழைய கூட்டிலிருந்த வைக்கோலைக் கொட்டிவிடுங்கள். மற்ற இரண்டும் இடும் முட்டையைக் காலை, மாலை எடுத்துவிடுங்கள். குவிந்து கிடக்கும் முட்டையைப் பார்த்தால் அடுத்ததும் உட்காரும்.

தெளிந்த கோழி உடனே முட்டையிடாது. இரண்டு மூன்று வாரம் கொடுங்கள். வெளிறிய கொண்டை மறுபடி சிவக்க ஆரம்பித்தால் முட்டை நெருங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.