வேலூர்ப் புரட்சிக்குக் கொழுப்புத் தோட்டாவா காரணம்?

கேள்வி: என் மகள் குடியாத்தத்தில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். அவளுடைய கைடில், 1806 வேலூர்ப் புரட்சிக்குக் காரணம் பசு, பன்றிக் கொழுப்பு தடவிய தோட்டா என்று இருக்கிறது. கோட்டைக்குப் பக்கத்திலேயே வளர்ந்த என் மாமனாரோ, “தலைப்பாகைதான் காரணம், தூண்டிவிட்டது திப்புவின் பிள்ளைகள்” என்கிறார். தேர்வில் எதை எழுதுவது? தப்பு என்றால் யாரிடம் சொல்வது?

பதில்: கைடில் இருப்பது அப்பட்டமான பிழை. கொழுப்புத் தோட்டா 1857 கிளர்ச்சியோடு சேர்ந்த செய்தி. அந்தத் தோட்டாவைப் போட்டுச் சுடும் என்ஃபீல்டு துப்பாக்கி வந்ததே 1853இல்தான். வேலூர்க் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தது 1806 ஜூலை 10 விடியற்காலையில். 47 ஆண்டு கழித்து வரப்போகும் துப்பாக்கிக்காக யாரும் கலகம் செய்திருக்க முடியாது.

உங்கள் மாமனார் சொன்னதில் முதல் பாதி சரி. தலைமைத் தளபதி கிரடாக் கொண்டுவந்த புதிய தலைப்பாகை பார்வைக்குத் தொப்பி போலவே இருந்தது. அதில் தோலால் ஆன ஒரு சின்னம் வேறு. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சமயக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்றும் உத்தரவு. அந்தச் சின்னத்தில் இருப்பது என்ன தோல், பசுவா பன்றியா என்ற ஐயம் இந்து, முஸ்லிம் சிப்பாய்கள் இருவருக்குமே இருந்தது. இந்தத் தோலைத்தான் கைடு எழுதியவர் 1857இன் கொழுப்போடு குழப்பிக்கொண்டார் என்று நினைக்கிறேன். மே மாதமே தலைப்பாகையை அணிய மறுத்தவர்களில் ஓர் இந்துவுக்கும் ஒரு முஸ்லிமுக்கும் ஆளுக்கு 900 கசையடி தண்டனை விதித்தார்கள். வேலூர் மக்கான் பக்கம் இந்தப் புரட்சியின் நினைவுத்தூணைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு அந்த எண்தான் மனதில் வரும். அதை ஒரு பிள்ளை தெரிந்துகொள்ளாமல் தோட்டாக் கதையை மனப்பாடம் செய்வது எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டாம் பாதி அவ்வளவு எளிதல்ல. திப்புவின் குடும்பம் கோட்டைக்குள் காவலில் இருந்தது, கலகத்துக்கு முந்தின நாள் அவர் மகளுக்குத் திருமணம் நடந்தது, கலகத்தில் அவருடைய புலிக்கொடி ஏறியது எல்லாம் உண்மை. விசாரணைக் குழுவும் உடை விதி, திப்பு குடும்பம் இரண்டையுமே காரணமாகச் சொன்னது. ஆனால் இளவரசர்களே திட்டமிட்டார்கள் என்று சொல்லிவிட்டால் பழி கம்பெனி அதிகாரிகளை விட்டு நகர்ந்துவிடும் என்பதையும் பார்க்க வேண்டும். ஆளுநர் பெண்டிங்கும் கிரடாக்கும் பிறகு திரும்ப அழைக்கப்பட்டார்களே! ஆகவே உங்கள் மகள் “திப்பு குடும்பத்துக்கும் பங்கு உண்டு என்று கருதப்பட்டது” என்று எழுதட்டும். மாண்ட சிப்பாய்களின் எண்ணிக்கையும் இப்படித்தான்: 350 என்பார்கள், 800 என்பார்கள். “நூற்றுக்கணக்கானோர்” என்றால் எங்கும் தவறாகாது.

மதிப்பெண்ணைப் பற்றிக் கவலை வேண்டாம். விடைத்தாளைத் திருத்துவது அரசுப் பாடநூலை வைத்துத்தான், கைடை வைத்து அல்ல. பாடநூல் தலைப்பாகையைத்தான் சொல்கிறது. கைடில் வேறு பக்கங்களையும் ஒருமுறை பாருங்கள். குறிப்பாக, மருது சகோதரர்கள் 1801இல் தூக்கிலிடப்பட்ட திருப்பத்தூர் சிவகங்கைச் சீமையில் இருப்பது. நம் வாணியம்பாடிக்குப் பக்கத்துத் திருப்பத்தூர் என்று நம்பும் பிள்ளைகள் இங்கே நிறைய.

புகாரை முதலில் வகுப்பு ஆசிரியரிடம் கொண்டுபோங்கள். பிறகு கைடு பதிப்பகத்துக்கு ஒரு கடிதம். பாடநூலிலேயே பிழை கண்டால், மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்துக்கு எழுதுங்கள். வகுப்பு, பதிப்பு ஆண்டு, பக்கம், வரி, பிழையான வாக்கியம், சரியான வாக்கியம், ஆதாரத்தின் நகல் எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். “வரலாற்றைத் திரித்துவிட்டார்கள்” என்று கொதித்து எழுதும் கடிதத்தைவிட, “இந்த வரியில் 1853இல் வந்த துப்பாக்கியின் தோட்டா 1806இல் வருகிறது” என்று எழுதும் கடிதத்துக்குத்தான் பதில் சொல்லியாக வேண்டியிருக்கும்.