இருநூறு குவெரி எழுதியும் ஏன் மாட்டிக்கொள்கிறேன்?

வணக்கம் சார்,

பி.எஸ்சி. கணிதம் முடித்துவிட்டு இரண்டு வருடம் ஒரு கடையில் கணக்கு பார்த்தேன். இப்போது டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு முயற்சி. எஸ்க்யூஎல் (டேட்டாபேஸிடம் குவெரி, அதாவது கேள்வி, எழுதித் தகவல் எடுக்கும் மொழி) கேள்விகள் இருநூறுக்கு மேல் போட்டாயிற்று. ஆனாலும் மூன்று இன்டர்வியூவிலும் 'இரண்டாவது அதிக சம்பளம்' மாதிரியான கேள்வியிலேயே மாட்டிக்கொண்டேன். லேப்டாப்பில் மைஎஸ்க்யூஎல் 5.7 என்ற டேட்டாபேஸ் மென்பொருள் இருக்கிறது, வரிசை எண் தரும் ரேங்க் ஃபங்ஷன் எழுதினால் எரர். இன்னும் எத்தனை கேள்வி போடவேண்டும்? பைத்தானும் வேண்டுமா?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

புதிதாக ஒரு கேள்விகூட வேண்டாம். போட்டதிலேயே பத்தை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நீங்களே ஐந்தாறு வரியில் ஒரு டேபிள் செய்யுங்கள், அதில் வேண்டுமென்றே கோளாறு வையுங்கள்: இருவருக்கு ஒரே சம்பளம், ஓரிடத்தில் நல் (NULL, மதிப்பே இல்லாத காலியிடம்), ஒரு வரி இரண்டு தடவை. குவெரியை ஓட்டும் முன் எத்தனை வரி வரும் என்று பேப்பரில் எழுதிவிட்டு, அப்புறம் ஓட்டுங்கள்.

உங்கள் சம்பளக் கேள்வியையே பார்ப்போம். 90,000, 90,000, 80,000, 70,000 என்று நான்கு பேர். அதிக சம்பளத்திலிருந்து வரிசை எண் போட்டால், ரோ நம்பர் 1, 2, 3, 4 கொடுக்கும், ரேங்க் 1, 1, 3, 4, டென்ஸ் ரேங்க் 1, 1, 2, 3. இரண்டாவது வேண்டும் என்றால் ரோ நம்பர் மறுபடி 90,000 என்கிறது, ரேங்கில் இரண்டே இல்லை, டென்ஸ் ரேங்க் மட்டும் 80,000 தருகிறது. "இருவருக்கு ஒரே சம்பளம் வந்தால் எப்படி எண்ணுவது?" என்று நீங்கள் திருப்பிக் கேட்கிறீர்களா என்றுதான் எதிரே இருப்பவர் பெரும்பாலும் பார்க்கிறார்.

நானும் இப்படி ஒருமுறை அசடு வழிந்திருக்கிறேன். ஆர்டரே செய்யாத வாடிக்கையாளர்கள் யார் என்று கேட்டார்கள், நாட் இன் (இந்தப் பட்டியலில் இல்லாதவர்) போட்டு எழுதினேன், ஒரு வரிகூட வரவில்லை. ஆர்டர் டேபிளில் ஒரே ஒரு வாடிக்கையாளர் எண் நல்லாக இருந்தது, அவ்வளவுதான். நல்லோடு ஒப்பிட்டால் சமம் என்றும் வராது, சமமில்லை என்றும் வராது, 'தெரியாது' என்றே வரும் என்பதால் எல்லோரும் வடிகட்டப்பட்டுவிட்டார்கள். நாட் எக்சிஸ்ட்ஸ் (பொருந்தும் வரியே இல்லையா என்று பார்ப்பது) எழுதியிருந்தால் தப்பித்திருப்பேன். இதேபோல லெஃப்ட் ஜாயின் (இடது டேபிளின் எல்லா வரியும் வரும் இணைப்பு) போட்டுவிட்டு வலது டேபிளின் தேதி நிபந்தனையை வேர் (WHERE) பகுதியில் வைத்தால், ஜோடி கிடைக்காத வரிகளெல்லாம் காணாமல் போய் அது இன்னர் ஜாயின் (ஜோடி உள்ள வரிகள் மட்டும் வரும் இணைப்பு) ஆகிவிடும். அந்த நிபந்தனையை ஆன் (ON) பகுதியில் வையுங்கள்.

பைத்தான்? பான்டாஸ் (டேபிள்களைக் கையாளும் பைத்தான் நூலகம்) போதும், அதுவும் கொஞ்சம்தான். ஆனால் எஸ்க்யூஎல் பழக்கத்திலேயே அதை எழுதாதீர்கள். எஸ்க்யூஎல் குரூப் பை (ஒரே மதிப்புள்ள வரிகளைக் குழுவாக்குவது) நல்களைத் தனிக் குழுவாகக் காட்டும், பான்டாஸின் குரூப்பை (groupby) நாமாகச் சொல்லாவிட்டால் அவற்றைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். டேபிள்களை இணைக்கும் மெர்ஜில் இன்னும் வேடிக்கை, காலி கீயும் (இணைக்கப் பயன்படும் மதிப்பு) காலி கீயும் ஒன்றோடொன்று ஜோடி சேர்ந்துவிடும்! எஸ்க்யூஎல்லில் அது சேரவே சேராது.

எரர் உங்கள் தப்பில்லை. 5.7இல் ரேங்க் போன்ற விண்டோ ஃபங்ஷனே கிடையாது, 2018இல் வந்த 8.0இல்தான் சேர்த்தார்கள். 8.0 போடுங்கள், அல்லது போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு டேட்டாபேஸ், அதில் 2009இலிருந்தே இருக்கிறது. அதுவரை, அதிகபட்சத்தைவிடக் குறைவான சம்பளங்களில் அதிகபட்சம் எது என்று சப்குவெரி (குவெரிக்குள் இன்னொரு குவெரி) எழுதிப் பாருங்கள், 5.7லேயே ஓடும். நான்கு பேருக்கும் 90,000 என்று மாற்றினால் என்ன வரும் என்பதைப் பேப்பரில் எழுதி எனக்கு அனுப்புங்கள்.